ரோடு போட்டவன் ஒருத்தன், நடந்தவன் ஒருத்தன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அகதிங்க வந்த படகு கவுந்ததை பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார், நானும் நாலு வரி பதில் எழுதி "அவங்க வர்ற ரூட்டை போட்டது யாருன்னும் பாக்கணும் சார்"னு முடிச்சிருந்தேன். அவ்ளோதான், மெயிலும் கடுதாசியுமா குவிஞ்சிடுச்சு. பாதி பேர் திட்டிருக்கீங்க, மீதி பேர் இன்னும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை சினிமா, கிரிக்கெட் கேள்விக்கெல்லாம் லீவு.

கேள்வி: பொழைக்க வழியில்லாதவன் ஊர் விட்டு ஊர் போறான். இதுல ஏகாதிபத்தியம் எங்கேந்து வந்துச்சு? எதுக்கெடுத்தாலும் வெள்ளைக்காரனை இழுக்கறது உங்களுக்கெல்லாம் ஃபேஷனா போச்சு.

திட்டுங்க சார், பரவால்ல. ஆனா பொழைப்பு மட்டும்தான் காரணம்னா உலகத்துலயே பரம ஏழைதானே முதல்ல கப்பல் ஏறணும்? அவன் ஏற மாட்டான். டிக்கெட்டுக்கு காசு கிடையாது, போற இடத்துல யாரையும் தெரியாது, அந்த ஊர் பாஷையும் வராது. ஒருத்தன் கெளம்பணும்னா அவனுக்கு முன்னாடியே ஒரு தடம் விழுந்திருக்கணும். அல்ஜீரியாக்காரங்க ஏன் அவ்ளோ பேர் பிரான்ஸுக்கு போனாங்க? 1830-ல பிரான்ஸ் அங்க படையோட போய் இறங்கி 1962 வரைக்கும் நகராம உக்காந்திருந்துச்சு, பாஷை, பள்ளிக்கூடம், கப்பல், ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கற ஏஜெண்ட்டு எல்லாமே அந்த பக்கம்தான் போச்சு. சுரினாம்னு தென் அமெரிக்காவுல ஒரு நாடு, டச்சுக்காரங்களோட காலனி, 1975-ல சுதந்திரம் வாங்குச்சு. அந்த சமயத்துல அந்த நாட்டு ஜனத்துல மூணுல ஒரு பங்கு நெதர்லாந்துக்கு கெளம்பி போயிட்டாங்க, பக்கத்துலயே பிரேசில் இருக்கு, அங்க போகல. ஃபிலிப்பைன்ஸ் நர்ஸுங்க அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல நெறைய இருக்காங்கல்ல, 1898-ல அந்த தீவுகளை ஸ்பெயின் கிட்டேந்து அமெரிக்கா வாங்கி, அமெரிக்க பாடத்திட்டத்துல இங்கிலீஷ்ல நர்ஸிங் பள்ளிக்கூடம் தொறந்ததோட தொடர்ச்சிதான் அது.

இதை ஒரே வரில சொன்னவர் ஒரு தமிழர். ஏ. சிவானந்தன், இலங்கைல தமிழர் மேல நடந்த 1958 கலவரம் முடிஞ்ச கையோட கொழும்பை விட்டு லண்டன் போனவர், போன நேரம் அங்க நாட்டிங் ஹில்ல கருப்பின மக்கள் மேல கலவரம். அவர் வெள்ளைக்காரங்களுக்கு சொன்னது, "நீங்க அங்க இருந்தீங்க, அதான் நாங்க இங்க இருக்கோம்".

கேள்வி: அடிமை முறைய ஒழிச்சது பிரிட்டன்தான்னு படிச்சோம். அதுக்கப்பறம் நம்மாளுங்களை ஏன் கப்பல்ல ஏத்திட்டு போனாங்க?

ஒழிச்சாங்க, அதுல சந்தேகமே இல்ல. 1833-ல சட்டம், 1834 ஆகஸ்ட் 1 அமலுக்கு வந்துச்சு. நஷ்ட ஈடும் குடுத்தாங்க, 2 கோடி பவுண்ட், யாருக்குன்னு நெனைக்கறீங்க, அடிமைகளை வெச்சிருந்த முதலாளிகளுக்கு. அடிமையா இருந்தவனுக்கு சல்லிக்காசு கிடையாது, அதோட நில்லாம 'பயிற்சிக் காலம்'னு ஒரு பேர் வெச்சு 1838 வரைக்கும் அதே தோட்டத்துல அதே ஆளுகிட்ட வேலை பாக்க வெச்சாங்க. அந்த 2 கோடிக்காக பிரிட்டிஷ் அரசாங்கம் வாங்கின கடன் எப்ப அடைஞ்சுதுன்னு தெரியுமா? 2015-ல. அடிமைகளோட எள்ளுப்பேரன் பேத்திங்க லண்டன்ல கட்டின வரிலேந்தும் அந்த கடனுக்கு போயிருக்கு, இதை முதல் தடவை படிச்சப்ப நான் ரெண்டு தடவை திருப்பி படிச்சேன்.

சரி, விடுதலையானவன் பழைய தோட்டத்துக்கு பழைய கூலிக்கு வர மாட்டேன்னுட்டான். ஆனா கரும்பு வெட்டணுமே. அதுக்குதான் 5 வருஷ ஒப்பந்தம். 1834-ல மொரிஷியஸ், 1838-ல கயானா, 1845-ல டிரினிடாட், 1860-ல தென்னாப்பிரிக்கா பக்கத்து நேட்டால், 1879-ல ஃபிஜி. நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' மெட்ராஸ் துறைமுகத்துலேந்து கெளம்பி 1860 நவம்பர் 16-ந்தேதி டர்பன் போய் சேந்துச்சு. அக்ரிமெண்ட்ங்கற வார்த்தை ஜனங்க வாய்ல பொரண்டு 'கிர்மிட்' ஆச்சு, போனவங்க கிர்மிட்டியா ஆனாங்க. பேப்பர்ல கைநாட்டு வெச்சதால சட்டப்படி அது அடிமைத்தனம் ஆகாது, ஆனா வேலைக்கு வராம போனா ஜெயில்னு அதே சட்டத்துலயே இருந்துச்சு. 1917-ல ஆள் எடுக்கறதை நிறுத்தினாங்க, மிச்ச ஒப்பந்தமெல்லாம் 1920-ல ரத்து. மொரிஷியஸ்ல மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் இறங்கிருக்காங்க, அவங்க ஏறி வந்த படிக்கட்டு போர்ட் லூயிஸ்ல இன்னும் இருக்கு, யுனெஸ்கோ அதை 2006-ல உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க.

சிலோனுக்கும் மலேயாவுக்கும் போனது வேற கணக்கு. அங்க கங்காணி. அவன் சொந்த ஊர்க்காரன், பல நேரம் சொந்தக்காரன், முன்பணம் குடுத்து கூட்டிட்டு போவான், போற செலவெல்லாம் கூலியாள் தலையில கடனா விழும். சிலோன்ல 'துண்டு'ன்னு ஒரு காகிதம் இருந்துச்சு. இந்த கங்காணிக்கும் அவன் ஆளுங்களுக்கும் இவ்ளோ கடன் பாக்கி, இதை கட்டிட்டா வேற தோட்டத்துக்கு போலாம்னு பழைய தொரை எழுதி குடுப்பார். புது தோட்டத்து தொரை அந்த கடனை கட்டுவார், கடன் அப்படியே புது தோட்டத்துக்கு மாறிடும், ஆள் நகருவான், ஆனா கடன்லேந்து நகர மாட்டான். 1921-ல தான் அதை சட்டம் போட்டு எடுத்தாங்க. ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கையும் ஒரு துண்டு பேப்பர்ல நின்னுச்சுன்னு நாம சும்மா பேச்சுக்கு சொல்வோம், அங்க நெஜமாவே அதோட பேரே துண்டு.

கேள்வி: முதல் உலகப் போருக்கு முன்னாடி பாஸ்போர்ட்டே கிடையாதாமே, வாட்ஸப்ல வந்துச்சு, உண்மையா?

வாட்ஸப்ல வந்ததுல பாதி உண்மை, அதுவே பெரிய விஷயம். பாஸ்போர்ட்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா 19-ம் நூற்றாண்டு கடைசில மேற்கு ஐரோப்பாவுல பெரும்பாலான எல்லைகள்ல யாரும் கேக்க மாட்டாங்க. ரஷ்யாவும் துருக்கியும்தான் கறாரா இருந்தாங்க. 1914-ல போர் ஆரம்பிச்சதும் ஒற்றன் வந்துடுவான், பட்டாளத்துக்கு ஆள் தப்பிச்சு போயிடுவான்னு எல்லா நாடும் தற்காலிகமா பாஸ்போர்ட் கேட்டாங்க. தற்காலிகம்! 1920-ல பாரிஸ்ல, ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கம் கூட்டம் போட்டு இந்த தொல்லைய எப்ப எடுக்கலாம்னு பேச உக்காந்தவங்க, கடைசில பாஸ்போர்ட் புக் எப்படி இருக்கணும், எத்தனை பக்கம்னு முடிவு பண்ணிட்டு எழுந்து போனாங்க. நாம இன்னைக்கு கையில வெச்சிருக்கற புக் அந்த கூட்டத்தோட வாரிசுதான்.

அடுத்த வருஷமே அதோட வெனை தெரிஞ்சிடுச்சு. 1921 டிசம்பர்ல சோவியத் அரசாங்கம் நாட்டை விட்டு ஓடின லட்சக்கணக்கான ரஷ்யர்களோட குடியுரிமைய ஒரே உத்தரவுல புடுங்கிடுச்சு. முன்னாடி காலமா இருந்தா இது வெறும் அவமானம். இப்ப பேப்பர் இல்லாதவன் எந்த எல்லையும் தாண்ட முடியாதே. நார்வேக்காரர் ஃப்ரிட்ஜாஃப் நான்சென், வடதுருவத்துல பனிக்குள்ள சுத்தின ஆளு, அவர்தான் 1922-ல நாடே இல்லாதவனுக்கு ஒரு அடையாள அட்டை கொண்டு வந்தார், நான்சென் பாஸ்போர்ட். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும், ஓவியர் ஷகாலும் ஒரு காலத்துல அதை வெச்சிருந்தவங்கதான். ரெண்டு வருஷத்துல ஆர்மீனியர்களுக்கும் குடுத்தாங்க. ஒரு நாட்டோட பேர்ல இல்லாம ஒரு மனுஷனோட பேர்ல வந்த பாஸ்போர்ட்னா எனக்கு தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

கேள்வி: 'விண்ட்ரஷ்' தலைமுறைன்னு சொல்றாங்களே, அது ஊரா, ஆள் பேரா?

கப்பல். முழு பேர் எம்பயர் விண்ட்ரஷ், பேர்லயே எம்பயர் இருக்கு பாருங்க. 1948 ஜூன்ல ஜமைக்கா பக்கத்து ஆளுங்களை ஏத்திட்டு லண்டன் பக்கத்துல டில்பரில வந்து நின்னுச்சு. இந்த கப்பலோட முன்கதைதான் எனக்கு ரொம்ப புடிச்சது, புடிச்சதுன்னு சொல்லக்கூடாது, மறக்க முடியாதது. அது ஜெர்மன்காரங்க கட்டின உல்லாசக் கப்பல், அப்ப பேர் மான்ட்டே ரோசா. நாஜி காலத்துல தொழிலாளிங்களை டூர் கூட்டிட்டு போச்சு, போர் வந்ததும் பட்டாளம் ஏத்துச்சு, 1942-ல நார்வேலேந்து யூதர்களை புடிச்சு ஏத்திட்டு போனதும் இதே கப்பல்தான். 1945-ல பிரிட்டன் அதை போர்ல கெடைச்ச சொத்தா எடுத்துக்கிட்டு பேர் மாத்துச்சு. அப்பறம் ஜமைக்காலேந்து ஆளுக்கு 28 பவுண்ட் டிக்கெட், பட்டாளத்து ஆளுங்க படுத்த அதே கீழ்த்தளத்துல படுக்கை. அதுல வந்தவங்கள்ல நெறைய பேர் போர்ல பிரிட்டிஷ் விமானப்படைல வேலை பாத்தவங்க. 1954-ல மத்தியதரைக் கடல்ல தீப்புடிச்சு முழுகிடுச்சு.

வந்தவங்க பிரிட்டிஷ் பிரஜைங்க, விசா தேவையில்ல. அதனாலயே பல பேருக்கு பேப்பரும் கிடையாது. சின்ன வயசுல அப்பா அம்மாவோட வந்து, 50 வருஷம் வேலை பாத்து வரி கட்டினவங்க கிட்ட திடீர்னு "நீ எப்ப வந்தே, ப்ரூஃப் காட்டு"ன்னு கேட்டு, வேலை போய், வைத்தியம் மறுக்கப்பட்டு, சில பேரை நாடு கடத்தியும் விட்டாங்க, 2018-ல அது நாறிடுச்சு. அவங்க வந்து இறங்கின தேதி இருந்த கார்டுகளை அந்த அரசாங்கமே 2010-ல அழிச்சிருந்துச்சு.

கேள்வி: பிரிட்டிஷ் பிரஜைன்னா சாம்ராஜ்யத்துல எங்க வேணா போலாம்னு இருந்துச்சா?

எழுத்துல ஆமா. 1914 மே மாசம் கோமகாட்டா மாருங்கற ஜப்பான் கப்பல் 376 பேரோட கனடாவுல வான்கூவர் போச்சு, பெரும்பாலும் பஞ்சாபி சீக்கியர்ங்க, எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜை. கனடா "இந்தியர் வரக்கூடாது"ன்னு சட்டம் போடல, அப்படி போட்டா லண்டனுக்கு தர்மசங்கடம். அதுக்கு பதிலா "சொந்த நாட்டுலேந்து நடுவுல எங்கயும் நிக்காம நேரா வரணும்"னு போட்டாங்க. இந்தியாலேந்து அப்படி நேரா வர கப்பலே கிடையாது, முடிஞ்சுது கதை. ரெண்டு மாசம் கரைக்கு பக்கத்துலயே நிறுத்தி வெச்சு, ரெண்டு டஜன் பேரை மட்டும் இறங்க விட்டு, மிச்ச பேரை திருப்பி அனுப்பினாங்க. கல்கத்தா பக்கத்துல பட்ஜ் பட்ஜ்ல வந்து இறங்கினப்ப போலீஸ் சுட்டு கிட்டத்தட்ட 20 பேர் செத்தாங்க. அதே வருஷம் போர் ஆரம்பிச்சு, 1918-க்குள்ள 10 லட்சத்துக்கு மேல இந்தியர்கள் அதே சாம்ராஜ்யத்துக்காக கடல் தாண்டினாங்க. துப்பாக்கியோட போனா மட்டும் எந்த கரையிலயும் யாரும் தடுக்கல.

இன்னொண்ணு, 1968. கென்யாவுல இருந்த இந்தியர்கள் கையில பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்துச்சு. அவங்க வர ஆரம்பிச்சதும் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் மூணே நாள்ல ஒரு சட்டம் போட்டுச்சு, அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பிரிட்டன்ல பொறந்திருந்தாதான் நேரா உள்ள வரலாம்னு. நிறம்ங்கற வார்த்தை சட்டத்துல எங்கயும் இல்ல. தாத்தா பொறந்த ஊர்னு கேட்டா போதுமே.

கேள்வி: எங்க பாட்டி பர்மாலேந்து நடந்தே வந்தேன்னு சொல்லுவாங்க. நாங்க சின்ன வயசுல சிரிச்சிருக்கோம். நெஜமாவே நடக்க முடியுமா?

நடந்தாங்கம்மா. 5 லட்சம் பேர் வாக்குல பர்மாவை விட்டு வந்தாங்க, அதுல பெரும்பங்கு நடைதான். சிரிச்சதுக்காக வருத்தப்படாதீங்க, அந்த தலைமுறை அதை கதை மாதிரிதான் சொல்லுச்சு, அழுதுகிட்டே சொல்லிருந்தா நாமளும் கேட்டிருக்க மாட்டோம்.

முதல்ல அவங்க ஏன் அங்க இருந்தாங்கன்னு பாக்கணும். 1885-ல பிரிட்டன் மண்டலே வரைக்கும் புடிச்சு பர்மா மொத்தத்தையும் பிரிட்டிஷ் இந்தியாவோட சேத்துடுச்சு. 1937 வரைக்கும் அது இந்தியாவுல ஒரு மாகாணம், எல்லையே கிடையாது, கப்பல் ஏறினா ரங்கூன். ஐராவதி டெல்டாவுல காட்டை வெட்டி நெல்லு வயலாக்க ஆள் வேணும், மூட்டை தூக்க ஆள் வேணும், கடன் குடுக்க ஆள் வேணும். 1931 கணக்கெடுப்புல ரங்கூன் நகரத்துல பாதிக்கு மேல இந்தியர்ங்க. அந்த சமயம் உலகப் பொருளாதாரம் சரிஞ்சு நெல்லு விலை விழுந்தப்ப பர்மிய விவசாயிங்களோட நெலம் கடனுக்கு பதிலா செட்டியார் கைக்கு வந்துச்சு, கீழ் பர்மாவோட முக்கியமான நெல்லு மாவட்டங்கள்ல நாலுல ஒரு பங்கு நெலம். பர்மியனோட கோவத்தை இந்த இடத்துல நாம கொஞ்சம் அவன் பக்கத்துலேந்தும் பாக்கணும், அவன் நாட்டை புடிச்சது வெள்ளைக்காரன், ஆனா அவன் கண்ணு முன்னாடி பத்திரத்தை வெச்சுக்கிட்டு நின்னது நம்மாளு. 1930-லயும் 1938-லயும் கலவரம்.

1941 டிசம்பர் 23, ஜப்பான் ரங்கூன்ல குண்டு போட்டுச்சு. மார்ச்ல நகரமே விழுந்துடுச்சு. கப்பலும் விமானமும் யாருக்கு முதல்லன்னு நான் சொல்லணுமா. மிச்ச பேர் நடந்தாங்க. அரக்கான் மலை தாண்டி சிட்டகாங் பக்கம் ஒரு வழி, சிந்த்வின் ஆறு தாண்டி தமு வழியா மணிப்பூர் ஒரு வழி, வடக்க ஹூகாங் பள்ளத்தாக்கு வழியா அசாம் ஒரு வழி, அது இருக்கறதுலயே மோசம். மே மாசம் மழை புடிச்சுக்கிச்சு, மலேரியா, காலரா, முழங்கால் அளவு சேறு, அட்டை. மணிப்பூர் பக்கத்துல ஐரோப்பியர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு ஒரு பாதைன்னு பிரிச்சு வெச்சிருந்தாங்க, உயிருக்கு ஓடறப்ப கூட! செத்தவங்க பத்தாயிரக்கணக்குல, யாரும் சரியா எண்ணல.

கதை அங்க முடியல. போர் முடிஞ்சு பல பேர் திரும்பி பர்மாவுக்கே போனாங்க, வீடு வாசல் அங்கதானே. 1962-ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு, கடை, கம்பெனி எல்லாம் அரசுடைமை, 1964-ல 50, 100 க்யாட் நோட்டு செல்லாதுன்னு ஒரே அறிவிப்பு. 3 லட்சம் பேர் வாக்குல வெறுங்கையோட இந்தியா வந்தாங்க. அதுல கொஞ்சம் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்க ஒட்டவே இல்ல, பர்மாவுக்கே போயிடலாம்னு வடகிழக்கு பக்கமா தரை வழியா கெளம்பிட்டாங்க. எல்லையில விடல. அங்கேயே தங்கிட்டாங்க. மணிப்பூர்ல மோரேன்னு அந்த ஊர், இன்னைக்கும் தமிழ் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருக்கு. எல்லைக்கு அந்தாண்ட இருக்கற ஊர்தான் தமு, உங்க பாட்டி அந்த வழியா வந்திருந்தா அந்த மண்ணை மிதிச்சிருப்பாங்க. உசுரோட இருந்தா ஒரு தடவை கேட்டு எழுதி வெச்சுக்கங்க, எந்த ஆறு, எத்தனை நாள், யார் யார் கூட வந்தாங்கன்னு.

கேள்வி: சயாம் ரயில் பாதைல செத்தது வெள்ளைக்கார கைதிங்கதானே? படத்துல அப்படித்தான் காட்டறாங்க.

படத்துல காட்டுவாங்க. சயாம்னா தாய்லாந்து, அங்கேந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை, 1942-43-ல ஜப்பான் ராணுவம் போட்டது, போர்க் கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசிய கூலிங்க 2 லட்சம் பேர் வாக்குல, செத்தவங்க 90,000 வரைக்கும் சொல்றாங்க. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், அப்பறம் மலேயா ரப்பர் தோட்டத்து தமிழர்ங்க ஏகப்பட்ட பேர். பிரிட்டன் அவங்களை ரப்பருக்காக கூட்டிட்டு போச்சு, ஜப்பான் வந்ததும் ரப்பர் ஏத்துமதி நின்னு வேலை போச்சு, வேலை தர்றேன்னு ஏமாத்தியும், தெருவுல புடிச்சும் ரயில்ல ஏத்திட்டாங்க. ஒரு சாம்ராஜ்யம் கொண்டு போய் விட்ட ஆளை இன்னொரு சாம்ராஜ்யம் தூக்கிட்டு போச்சு. தாய்லாந்துல காஞ்சனபுரிங்கற ஊர்ல கைதிங்களுக்கு பேர் பொறிச்ச கல்லோட கல்லறைத் தோட்டம் இருக்கு. நம்மாளுங்களுக்கு வரிசையும் இல்ல, பேரும் இல்ல.

கேள்வி: ஒரு நாட்டுல போரே நடக்கல, ஆனா ஜனங்க மொத்தமா வெளியேத்தப்பட்டாங்கன்னு உதாரணம் இருக்கா?

ஏன் இல்ல, மலையகத் தமிழர். சிலோன்ல அப்ப போர் எதுவும் நடக்கல, 1948-ல சுதந்திரம் வந்துச்சு, அதே வருஷம் குடியுரிமைச் சட்டம், மூணு நாலு தலைமுறையா தேயிலை பறிச்ச லட்சக்கணக்கான பேர் ராவோட ராவா நாடில்லாதவங்க ஆனாங்க. 1964 அக்டோபர்ல சிலோன் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து 9,75,000 பேரை பங்கு போட்டாங்க, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 அப்பறம் பாத்துக்கலாம். அந்த மிச்சத்தை 1974-ல பாதி பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. அந்த ஜனங்க கிட்ட யாரும் கலந்து பேசல. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு சிலோன்னு விழுந்த வீடுகள் உண்டு. இந்தியாவுக்கு கப்பல் ஏற தலைமன்னாருக்கு போற ரயிலுக்கு மலையகத்துல 'ஒப்பாரி கோச்சி'ன்னே பேர் வெச்சுட்டாங்க.

கடல் தாண்டி வந்து இறங்கினா மண்டபம் முகாம். அது எதுக்கு கட்டினதுன்னா, சிலோன் தோட்டத்துக்கு போற கூலிங்களுக்கு நோய் நொடி இருக்கான்னு பாத்து அனுப்ப சிலோன் அரசாங்கமே இந்த பக்கத்துல வெச்சிருந்த முகாம். போறப்ப தாத்தாவை தங்க வெச்ச எடத்துக்கே திரும்பி வர்றப்ப பேரன் வந்தான், 1983-க்கு அப்பறம் ஈழத்து அகதிங்களும் அங்கதான் வந்தாங்க.

இந்த மாதிரி முகாம் உலகம் பூரா இருக்கு. நெதர்லாந்துல வெஸ்டர்போர்க்னு ஒண்ணு. 1939-ல ஜெர்மனிலேந்து தப்பி வந்த யூத அகதிங்களுக்காக டச்சு அரசாங்கம் கட்டினது. 1942-ல நாஜிங்க எடுத்துக்கிட்டு அங்கேந்து ஆஷ்விட்ஸுக்கு ரயில் விட்டாங்க, ஆன் ஃபிராங்க் போனதும் அந்த வழியாதான். 1951-ல இந்தோனேஷியாவுல டச்சுப் பட்டாளத்துல இருந்த மொலுக்கா தீவு சிப்பாய்களையும் குடும்பங்களையும், எல்லாம் சேத்து 12,500 பேர், "கொஞ்ச நாள்தான்"னு சொல்லி நெதர்லாந்துக்கு கப்பல்ல கொண்டு வந்து, பட்டாளத்துலேந்தும் டிஸ்மிஸ் பண்ணி முகாம்கள்ல விட்டாங்க, அதுல வெஸ்டர்போர்க்கும் ஒண்ணு. பேரை மட்டும் மாத்திட்டாங்க. கொஞ்ச நாள்ங்கறது இன்னும் முடியல, அவங்க பேரப்பசங்க டச்சுக்காரங்களா வளந்து நிக்கறாங்க.

கேள்வி: மதம் பாத்து ஜனங்களை மாத்திக்கற ஐடியா யாருக்கு முதல்ல வந்துச்சு? நம்ம பிரிவினைதானா?

நமக்கு முன்னாடியே சட்டமாவே போட்டு பண்ணிருக்காங்க. 1923 ஜனவரி, லோசான் ஒப்பந்தம், கிரீஸும் துருக்கியும். ஒட்டோமான் சாம்ராஜ்யம் உடைஞ்சு, அதுக்கு மேல ரெண்டும் ஒரு போரும் போட்டு முடிச்சிருந்த நேரம். துருக்கில இருக்கற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கிரீஸுக்கு, கிரீஸ்ல இருக்கற முஸ்லிம்ங்க துருக்கிக்கு, இஷ்டம் இருக்கா இல்லையான்னு கேள்வி கிடையாது. பாஷைய பாக்கவே இல்ல. அனடோலியாவுல துருக்கி பாஷை மட்டுமே தெரிஞ்ச கிறிஸ்தவங்களை "நீ கிரேக்கன்"னு அனுப்பினாங்க, கிரீட் தீவுல கிரேக்க பாஷை மட்டுமே பேசின முஸ்லிம்களை "நீ துருக்கியன்"னு அனுப்பினாங்க. போன எடத்துல ரெண்டு பேரையும் அந்நியன்னுதான் பாத்தாங்க. இதை வெற்றிகரமான முன்மாதிரின்னு எடுத்துக்காட்டி 1937-ல பாலஸ்தீனத்துக்கான பிரிட்டிஷ் பீல் கமிஷனும் எழுதிச்சு.

1947-ல நம்ம பக்கம் ஒப்பந்தமே கிடையாது, கோடு மட்டும்தான். கோடு போட அனுப்பின லண்டன் வக்கீல் ராட்க்ளிஃப் அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கே வந்ததில்ல, ஜூலை 8 வந்தார், அஞ்சு வாரத்துல கோடு போட்டார், சுதந்திரம் வந்து ரெண்டு நாள் கழிச்சு ஆகஸ்ட் 17-ந்தேதிதான் வெளியிட்டாங்க. அதாவது கொடி ஏத்தறப்ப தன்னோட ஊர் எந்த நாட்டுல இருக்குன்னு தெரியாத ஜனம் இருந்துச்சு. 1 கோடியே 20 லட்சத்துக்கு கொறையாம இடம் மாறினாங்க.

கேள்வி: உங்க லாஜிக் படி ஈழத்தமிழர் எல்லாம் லண்டன்தானே போயிருக்கணும், கனடாவுல ஏன் அவ்ளோ பேர்?

நல்லா மடக்கினீங்க, இது எனக்கு வந்த கேள்விகள்லயே உருப்படியானது. லண்டன்தான் பழைய ரூட்டு, படிக்கவும் வேலைக்கும் அங்கதான் போவாங்க. 1983 கலவரத்துக்கு அப்பறம் கூட்டம் கூடினதும் பிரிட்டன் 1985-ல இலங்கைக்காரங்களுக்கு விசா கட்டாயம்னு போட்டுச்சு, காமன்வெல்த் நாடுகள்ல முதல்ல அடைச்சது இவங்களுக்குதான். அதே 1985-ல கனடா சுப்ரீம் கோர்ட்டு, அகதின்னு சொல்றவனை நேர்ல கூப்பிட்டு விசாரிக்காம அனுப்பக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஒரு கதவு சாத்தின வருஷம் இன்னொரு கதவு தொறந்துச்சு, தண்ணி எந்த பக்கம் ஓடும்? 1986 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாண்டு கடல்ல ரெண்டு உயிர்காப்பு படகுல 155 தமிழர் மெதந்துகிட்டு இருந்ததை மீனவங்க பாத்து கரை சேத்தாங்க. அவங்க கப்பல் ஏறினது மேற்கு ஜெர்மனிலேந்து. ஆக, பழைய ரூட்டு மட்டும்தான் முடிவு பண்ணும்னு நான் சொன்னா அது தப்பு, எந்த கதவு எப்ப தொறக்குதுங்கறதும் சேந்துதான். வாபஸ் வாங்கிக்கறேன், பாதி.

கேள்வி: பணக்கார நாடுங்கதான் எல்லா அகதியையும் சுமக்குதா?

இல்ல. உலகத்து அகதிங்கள்ல 10-ல 7 பேருக்கு மேல ஏழை, நடுத்தர வருமான நாடுகள்லதான் இருக்காங்க, பெரும்பாலும் பக்கத்து நாட்டுல.

கேள்வி: எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு போனவர், திரும்பி வரல. பழைய பெட்டில அவர் சம்பந்தமா ஒரு காகிதம் இருக்கு, நம்பர் மாதிரி ஏதோ எழுதிருக்கு. தேட முடியுமா?

முடியும், அந்த நம்பர்தான் சாவி. நேட்டாலுக்கு போன ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் போட்டு கப்பல் லிஸ்ட்ல ஏத்தினாங்க. பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஊர், உயரம், அப்பறம் உடம்புல இருக்கற அடையாளம், "இடது கன்னத்துல தழும்பு" அந்த மாதிரி. ஓடிப்போனா புடிக்கறதுக்காக எழுதினது, இன்னைக்கு சொந்தக்காரங்களை கண்டுபுடிக்க உதவுது. அந்த லிஸ்டெல்லாம் தென்னாப்பிரிக்காவுல பத்திரமா இருக்கு, கம்ப்யூட்டர்லயும் ஏத்திருக்காங்க. கங்காணி கூட்டிட்டு போன சிலோன், மலேயா ஆளுங்களுக்கு இந்த அளவு விவரம் கெடைக்கறது கஷ்டம், அந்த வகைல உங்களுக்கு அதிர்ஷ்டம்.

பேரை மட்டும் நம்பாதீங்க. வெள்ளைக்கார கிளார்க்கு காதுல விழுந்ததை எழுதினான், அங்க இன்னைக்கு கவுண்டர் கோவெண்டர் ஆயிட்டாங்க, முதலி மூட்லி ஆயிட்டாங்க. ஊர் பேரையும் வாய்விட்டு நாலு விதமா சொல்லிப் பாருங்க, ஏதோ ஒண்ணு பொருந்தும்.

அந்த காகிதத்தை வெளிச்சத்துல வெச்சு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, மடிப்பை இழுத்து பிரிக்காதீங்க. தயவுசெஞ்சு லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க.